பாலைவனக் கோதுமையும் ஒரு மாணவியின் கேள்வியும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் அணுக்கரு இயற்பியல் பாடத்தை நடத்தும்போது பாடநூலுக்கு வெளியே இருந்து ஒன்றிரண்டு செய்திகளைச் சொல்வது என் வழக்கம். மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதுதான் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு செய்தியைச் சொன்னேன். "கதிரியக்கம் அணு உலையில் மட்டும் இல்லை. ஜோர்டான், சவுதி அரேபியா பக்கம் பாலைவனத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரிலேயே கதிரியக்கம் உண்டு. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சித்தான் அங்கே கோதுமை விளைவிக்கிறார்கள்." வகுப்பு வாயைப் பிளந்தது. மணி அடித்தது. நானும் திருப்தியாக வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவி ஓய்வறை வாசலில் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. "சார், எங்க அப்பா சவுதியில தபூக்குல ஒரு பண்ணையில வேலை பாக்குறார். போர் தண்ணியிலதான் அங்க எல்லாம் விளையுதாம். நீங்க சொன்னதை அம்மாகிட்ட சொன்னேன். அம்மா ராத்திரி முழுக்க அழுதுட்டு, உடனே கிளம்பி வரச் சொல்லி அப்பாவுக்குப் போன் பண்ணிட்டாங்க. அங்க போக வாங்கின கடன் இன்னும் அடையல சார். அப்பா வரணுமா, வேண்டாமா?"

என்னிடம் பதில் இல்லை. நான் சொன்ன செய்தி பொய்யில்லை. ஆனால் எவ்வளவு கதிரியக்கம், அது எப்படி உடலுக்குள் போகும், எத்தனை நாளில் என்ன ஆகும் என்று எதையும் சொல்லாமல், ஆபத்து என்ற ஒரு சொல்லின் நிழலை மட்டும் வகுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தேன். "ரெண்டு நாள் டைம் குடும்மா, படிச்சிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அப்பாவை அவசரப்பட வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லு" என்றேன். அந்த இரண்டு நாளிலும் அதற்குப் பிறகும் படித்ததையும், அதை வகுப்பில் கையாண்ட விதத்தையும் இங்கே பகிர்கிறேன்.

தண்ணீருக்குள் ரேடியம் எப்படி வந்தது?

ஜோர்டானின் தெற்கே, வாடி ரம் பாலைவனத்தை ஒட்டி டிசி என்ற பகுதி இருக்கிறது. அதன் அடியில் பெரிய மணற்பாறை அடுக்கு ஒன்று எல்லையைத் தாண்டிச் சவுதி அரேபியா வரை பரவியிருக்கிறது. ஜோர்டானில் அதை டிசி நீர்த்தாங்கி என்கிறார்கள். சவுதியில் அதற்குச் சாக் நீர்த்தாங்கி என்று பெயர். தபூக் வட்டாரப் பண்ணைகள் நம்பியிருப்பது இந்த நீரைத்தான். இன்று அங்கே பெய்யும் சொற்ப மழையால் இது நிரம்பவில்லை. அந்தப் பகுதி ஈரமாக இருந்த பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மழை இது. அதனால் இதைத் தொல்நீர் என்று சொல்லலாம். எடுக்க எடுக்கக் குறையுமே தவிர, நம் வாழ்நாளில் ஊறி நிறையாது.

எல்லாப் பாறையிலும் மண்ணிலும் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு இருக்கின்றன. இவை படிப்படியாகச் சிதைந்து வரும் வழியில் ரேடியம் உண்டாகிறது. யுரேனியம் 238-இன் வழியில் வருவது ரேடியம் 226. தோரியம் 232-இன் வழியில் வருவது ரேடியம் 228. மணல் துகளுக்குள் ஓர் அணுக்கரு ஆல்பா துகளை வெளியே வீசும்போது, குண்டு வெளியேறும் நொடியில் துப்பாக்கி பின்னால் உதைப்பதைப் போல, மிச்சமுள்ள அணுக்கருவும் எதிர்த்திசையில் தள்ளப்படும். துகளின் விளிம்பில் இது நடந்தால், புதிதாகப் பிறந்த ரேடியம் துகளை விட்டு வெளியேறிச் சுற்றியுள்ள தண்ணீரில் விழுந்துவிடும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதைவிடப் புதுமையான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இது எல்லா ஊரிலும் நடப்பதுதானே, பிறகு டிசியில் மட்டும் ஏன் ரேடியம் மிகுதி? பல இடங்களில் பாறைக்குள் களிமண்ணும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் இருக்கும். அவை ரேடியத்தைப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்ளும். டிசி மணற்பாறையில் அவை மிகக் குறைவு. பிடித்துவைக்க ஆள் இல்லாததால் ரேடியம் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவ்னர் வெங்கோஷ் தலைமையிலான குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விளக்கத்தைத்தான் தந்தது. டிசி கிணறுகள் சிலவற்றில் ரேடியத்தின் அளவு, குடிநீருக்கான பன்னாட்டு வரம்பைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு வரை இருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது.

இதை வகுப்பில் காட்ட ஓர் எளிய செய்முறை உண்டு. இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களை அடிப்பக்கம் வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். வாயில் பஞ்சு அடையுங்கள். ஒன்றில் பலமுறை கழுவிய ஆற்று மணல். மற்றொன்றில் அதே மணலுடன் இரண்டு கைப்பிடி களிமண் பொடி. உயிரியல் ஆய்வகத்தில் இருக்கும் மெத்திலீன் நீலத்தில் சில துளிகளைத் தண்ணீரில் கலந்து இரண்டிலும் ஊற்றுங்கள். களிமண் கலந்த பாட்டிலில் இருந்து நீலம் வெகுவாகக் குறைந்து வெளிவரும். வெறும் மணலில் கூடுதலாகவே இறங்கும். நீலத்துக்குப் பதில் ரேடியம் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னால் போதும், கடைசி பெஞ்சுக்கும் புரிந்துவிடுகிறது.

ரேடியம் ஏன் கவலை தருகிறது?

தனிம வரிசை அட்டவணையின் இரண்டாம் தொகுதியைப் பார்க்கச் சொன்னேன். மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், கடைசியில் ரேடியம். "ஒரே குடும்பம்னா குணமும் ஒத்துப்போகும்தானே சார்?" என்றான் ஒரு மாணவன். அதுதான் விஷயம். உடல் ரேடியத்தைக் கால்சியம் என்று எண்ணி ஏமாறுகிறது. உணவிலும் நீரிலும் போகும் ரேடியத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும். உறிஞ்சப்பட்டதில் ஒரு பங்கு எலும்பில் போய் அமர்ந்துகொள்ளும். 1920-களில் அமெரிக்கக் கடிகாரத் தொழிற்சாலைகளில் ரேடியம் கலந்த வண்ணத்தைத் தூரிகையால் பூசிய பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை எலும்பு சிதைந்தும் எலும்புப் புற்றுநோயாலும் இறந்தார்கள். அவர்கள் உட்கொண்ட அளவோடு ஒப்பிட்டால் கிணற்று நீரில் உள்ளது மிகமிகக் குறைவு. ஆனால் ரேடியம் எங்கே போய் உட்காரும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது அவர்களிடமிருந்துதான்.

செடியும் இதே ஏமாற்றத்துக்கு ஆளாகிறது. வேர் கால்சியத்தை இழுக்கும்போது ரேடியமும் கொஞ்சம் கூடவே போகும். மண்ணில் கால்சியம் ஏராளமாக இருந்தால் போட்டி கடுமையாகி ரேடியத்துக்கு இடம் குறையும். வறண்ட நிலங்களின் மண் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து மிக்கது என்பது இங்கே ஓர் ஆறுதல். செடிக்குச் செடியும் வேறுபாடு உண்டு. தென் அமெரிக்காவின் பிரேசில் கொட்டை மரம் மண்ணிலிருந்து பேரியத்தைப் பெருமளவில் இழுக்கும் இயல்புடையது. கூடவே ரேடியத்தையும் இழுத்துவிடும். அந்தக் கொட்டையில் மற்ற உணவுகளைவிடப் பல நூறு மடங்கு ரேடியம் இருப்பதுண்டு.

கரும்பலகையில் ஒரு கணக்கு

மூன்றாம் நாள் வகுப்பில் அந்த மாணவியின் பெயரைச் சொல்லாமல் மூன்று கேள்விகளை எழுதினேன். எவ்வளவு? எந்த வழியாக? எத்தனை காலம்?

முதலில் அலகு. ஒரு நொடிக்கு ஓர் அணுக்கரு சிதைந்தால் அது ஒரு பெக்கொரல். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ரேடியம் 226-க்கு லிட்டருக்கு 1 பெக்கொரல் என்றும், கூடுதல் தீங்கு செய்யும் ரேடியம் 228-க்கு 0.1 பெக்கொரல் என்றும் வழிகாட்டு அளவு வைத்திருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க, நம் கிணற்று நீரில் லிட்டருக்கு 1 பெக்கொரல் ரேடியம் 226 இருப்பதாக வைத்துக்கொண்டோம்.

குடிக்கும் வழி: நாளுக்கு 2 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 730 லிட்டர். உடலுக்குள் போவது 730 பெக்கொரல். ஒரு பெக்கொரலுக்கு 0.00028 மில்லிசீவர்ட் என்று கொண்டால் கிடைக்கும் கதிர்வீச்சு ஆண்டுக்கு 0.2 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து நாம் எல்லோரும் பெறுவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

மண்ணின் வழி: வயலில் ஆண்டு முழுதும் பாய்ச்சும் நீரைச் சேர்த்து வைத்தால் ஒரு மீட்டர் உயரம் நிற்கும் என்று வைப்போம். ஒரு சதுர மீட்டருக்கு 1,000 லிட்டர், அதாவது 1,000 பெக்கொரல். ரேடியம் முழுவதும் உழும் ஆழமான 20 செ.மீ. மண்ணில் தங்குவதாகக் கொண்டால், அந்த மண்ணின் எடை ஏறத்தாழ 300 கிலோ. ஆக, ஒரு கிலோ மண்ணில் ஆண்டுக்கு 3.3 பெக்கொரல் சேரும். உலகில் சாதாரண மண்ணிலேயே ரேடியம் 226 சராசரியாகக் கிலோவுக்கு 35 பெக்கொரல் அளவில் இருக்கிறது. பத்தாண்டு பாசனத்தில் சேர்வது 33. அதாவது மண்ணின் ரேடியம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

கோதுமையின் வழி: மண்ணில் இருப்பதில் தானியத்துக்குள் போவது ஏறத்தாழ நூறில் ஒன்று, இரண்டு பங்குதான். இரண்டு என்றே வைப்போம். பத்தாண்டில் மண்ணில் சேர்ந்த 33 பெக்கொரலால் கிலோ கோதுமைக்குக் கூடுவது 0.66. ஆண்டுக்கு 100 கிலோ சாப்பிட்டால் 66 பெக்கொரல்.

"குடிச்சா 730, சாப்பிட்டா 66" என்று இரண்டையும் வட்டமிட்டேன். வகுப்பே உரக்கச் சொன்னது: "அப்போ தண்ணிதான் சார் முக்கியம்!"

பத்தாண்டு நிலவரத்துக்கு அந்த முடிவு சரி. ஆனால் மூன்றாம் கேள்வி மிச்சம் இருந்தது. அதே வயலில் ஐம்பது ஆண்டு பாய்ச்சினால்? மண்ணில் சேர்வது கிலோவுக்கு 165. கோதுமை வழியாக ஆண்டுக்கு 330 பெக்கொரல். குடிநீரில் கிட்டத்தட்ட பாதியைத் தொட்டுவிட்டது. தண்ணீர் மாறவில்லை, பயிர் மாறவில்லை, காலம் மட்டுமே மாறியது. இன்றைய விளைச்சலைச் சோதித்துப் பார்த்து "பாதுகாப்பானது" என்று சொல்லிவிடலாம். ஆனால் மண் கணக்கை எழுதிவைத்துக்கொண்டே இருக்கும். ரேடியம் 226-இன் அரை ஆயுட்காலம் 1,600 ஆண்டுகள் என்பதால் அந்தக் கடன் தானாகத் தீராது.

இது வகுப்பறைக் கணக்கு என்பதை மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். மண்ணின் வகை, பயிர், பாசன முறை, கிணற்றின் உண்மை அளவு ஆகியவற்றைப் பொறுத்து விடை மாறும். கீரை போன்ற இலைப் பயிர்கள் தானியத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக எடுக்கும். மேலிருந்து தெளிக்கும் பாசனத்தில் நீர் இலைமேலேயே காய்ந்து படியவும் செய்யும். ஆனால் எந்த எண்ணை மாற்றினாலும் கேள்விகள் அதே மூன்றுதான்.

புளியங்கொட்டையில் அரை ஆயுட்காலம்

டிசி நீரில் ரேடியம் 228-இன் பங்கு கூடுதல். அதன் அரை ஆயுட்காலம் 5.75 ஆண்டுதான். இந்த வேறுபாட்டைப் புரியவைக்க, தாயம் விளையாடுவதற்குத் தேய்ப்பதுபோல ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டைகள் 64 எடுத்துக்கொண்டோம். குலுக்கிப் போட்டு, வெள்ளை மேலே விழுந்தவற்றை நீக்க வேண்டும். ஏறத்தாழ பாதி போகும். மீதியைக் குலுக்கினால் மறுபடியும் பாதி. ஒரு குலுக்கல் ஓர் அரை ஆயுட்காலம். "ரேடியம் 228-க்கு ஒரு குலுக்கல் ஆறு வருஷம் மாதிரி. ரேடியம் 226-க்கு ஒரு குலுக்கலுக்கு 1,600 வருஷம். ராஜராஜ சோழன் காலத்தில் ஆரம்பித்திருந்தாலும் முதல் குலுக்கலே இன்னும் முடியவில்லை" என்றேன்.

பிறகு ஒவ்வொரு குலுக்கலுக்குப் பின்னும் புதிதாகப் பத்துக் கொட்டைகளைச் சேர்க்கச் சொன்னேன். இதுதான் ஆண்டுதோறும் பாய்ச்சும் தண்ணீர். சில சுற்றுகளுக்குப் பிறகு எண்ணிக்கை இருபதையொட்டி ஏறி இறங்கி நின்றுவிட்டது. ஓட்டையுள்ள தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டால் நீர் ஒரு மட்டத்தில் நிற்பதைப்போல, ரேடியம் 228 மண்ணில் ஏறத்தாழ எட்டு ஆண்டுப் பாசனத்தின் அளவுக்கு மேல் சேராது. ரேடியம் 226-இன் தொட்டியில் ஓட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதனால் நிறைந்துகொண்டே போகும்.

அந்த நாடுகள் என்ன செய்தன?

இந்த நீரை விட்டுவிடு என்று பாலைவன நாட்டிடம் சொல்வது எளிதல்ல. 1980-களில் சவுதி அரேபியா ஆழ்துளைக் கிணறுகளையும் சுழலும் தெளிப்புப் பாசனத்தையும் கொண்டு கோதுமையில் தன்னிறைவு பெற்றது. 1990-களின் தொடக்கத்தில் ஏற்றுமதியும் செய்தது. வானிலிருந்து எடுத்த படங்களில் பழுப்பு மணலுக்கு நடுவே பச்சை வட்டங்களாகத் தெரிவது அந்த வயல்கள்தான். பிறகு 2008-இல் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தது. அதற்குக் காரணம் ரேடியம் அல்ல, தொல்நீர் தீர்ந்துவருவது.

ஜோர்டான் வேறு வழியில் போனது. 2013-இல் டிசியிலிருந்து தலைநகர் அம்மானுக்கு 325 கிலோமீட்டர் நீளக் குழாய் அமைத்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி கனமீட்டர் நீரைக் குடிக்கக் கொண்டு சென்றது. அங்கே கையாளப்படும் முறை கலத்தல். ரேடியம் குறைந்த வேறு நீருடன் சேர்த்து அளவைக் கீழே கொண்டுவருகிறார்கள். நம் கணக்குப் பாடத்தின் கலவைக் கணக்கேதான். இது தவிர, அயனிப் பரிமாற்றம், எதிர்ச் சவ்வூடுபரவல் ஆகிய முறைகளும் ரேடியத்தை நன்றாக நீக்கும். ஆனால் நீக்கிய ரேடியம் மறைந்துவிடாது, வடிகட்டியிலும் கழிவிலும் செறிந்து நிற்கும். அதை எங்கே வைப்பது என்ற கேள்வி அடுத்து வரும். ஒரு வயலுக்குப் பாயும் அத்தனை நீரையும் இப்படிச் சுத்திகரிப்பது செலவு தாங்காத வேலை. அதனால்தான் பாசனத்தில் மண்ணைக் காலம்தோறும் சோதிப்பதும், இலைப் பயிரைத் தவிர்த்துத் தானியம் விதைப்பதும் போன்ற தெரிவுகள் முக்கியமாகின்றன.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வெங்கோஷ் பங்கேற்ற மற்றோர் ஆய்வு 2018-இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் 324 கிணறுகளைச் சோதித்தது. ராஜஸ்தானில் சோதித்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைவிட அதிக யுரேனியம் இருந்தது. யுரேனியம் பாறையிலிருந்து இயற்கையாக வருவதுதான். ஆனால் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சுவது அதைக் கரைந்து வரத் தூண்டுகிறது. இங்கே முதன்மையான தீங்கு கதிர்வீச்சால் அல்ல, சிறுநீரகத்துக்கு அந்த உலோகம் செய்யும் வேதியியல் தீங்கால். ஆபத்து என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறுபாடுகள் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அப்பாவுக்குப் போன கேள்வி

கணக்கு முடிந்த அன்று மாலை அந்த மாணவியை அழைத்தேன். "உன் அப்பா வரணுமா வேண்டாமான்னு நான் முடிவு சொல்ல முடியாதும்மா. ஆனா அவர்கிட்ட என்ன கேட்கணும்னு உனக்கு இப்போ தெரியும்" என்றேன். அவள் தயங்கவே இல்லை. "குடிக்கிற தண்ணி எங்கிருந்து வருதுன்னு முதல்ல கேட்கணும் சார்."

அடுத்த நாள் பதில் வந்தது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் கேனில் வருகிறது. ஆனால் வயலில் நிற்கும்போது தாகம் எடுத்தால் அவரும் உடன் வேலை செய்பவர்களும் பாசனக் குழாயிலேயே பிடித்துக் குடிப்பதுண்டாம். "இனிமே வயலுக்கும் கேன் எடுத்துட்டுப் போறேன்னு சொல்லிட்டார் சார். கூட இருக்கிறவங்ககிட்டயும் சொல்லிட்டாராம். அம்மா இப்போ அழல." ஒப்பந்தக் காலத்தை முடித்துவிட்டே அவர் ஊர் திரும்பினார்.

நான் முதல் நாள் சொன்ன செய்தியால் அந்த வீட்டில் ஒரு குழாயைக்கூட யாராலும் மூட முடிந்திருக்காது. அழத்தான் முடிந்தது. மூன்று கேள்விகள் கிடைத்ததும், மாற்ற வேண்டிய ஒரு பழக்கம் எது என்பது பதினைந்து வயதுப் பெண்ணுக்கே தெரிந்துவிட்டது. இப்போதும் வகுப்பில் வியப்பான செய்திகளைச் சொல்கிறேன். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை காலம் என்று பிள்ளைகள் கேட்டு முடிக்க நேரம் வேண்டும்.